வீட்டுக்கு வரும் மருத்துவக் கருவிகள்: விற்பவருக்கும் உண்டு விதிகள்!

(இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் கருவியியல் துறை)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது முதலில் நழுவத்தான் பார்த்தேன். எனக்குக் கவிதை வராது. காதல் கவிதை மட்டுமே பதினெட்டு வந்திருக்கிறதாம், பத்தொன்பதாவது எதற்கு? "உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம், போன மூன்று வருடமாக எங்கள் வீட்டைப் புரட்டிப்போட்ட ஒரு விஷயம்தான். பி.பி. மெஷின், நெபுலைசர், சக்கர நாற்காலி மாதிரியான சாமான்களை விற்கக் கடை திறக்க என்னென்ன அனுமதி வேண்டும் என்பது. கேட்டால் சாதாரணமாகத் தெரியும். இது தெரியாமல் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். டிப்ளமோ முடித்துவிட்டு "சொந்தமா ஒரு கடை போட்டுடலாம்" என்று நினைக்கும் நண்பர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்பாவும் அந்த மணிக்கட்டு மெஷினும்

அப்பாவுக்குப் பல வருடமாக இரத்த அழுத்தம். 2022-இல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபேன்சி கடையில், மணிக்கட்டில் கட்டிப் பார்க்கும் பி.பி. மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். பெட்டியில் கம்பெனி முகவரி இல்லை, உரிம எண் இல்லை, பில்லும் இல்லை. விலை மட்டும் மலிவு. அது எப்போது கட்டினாலும் 130/80 என்று சமர்த்தாகக் காட்டும். "பார்த்தியா, நார்மல். எதுக்கு தினமும் மாத்திரை?" என்று அப்பா மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினார், அப்புறம் ஞாபகம் வந்தால் போடுவது என்று ஆனது.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை எழுந்தவர், இடது கால் எடுத்து வைக்க முடியாமல் கீழே விழுந்தார். வாயும் கோணியிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 210/120. இரண்டு நாள் கழித்து அந்த மணிக்கட்டு மெஷினை எடுத்துப்போய், நர்ஸ் அக்கா பார்க்கும் அதே நேரத்தில் இன்னொரு கையில் கட்டிப் பார்த்தேன். நாற்பது புள்ளி குறைவாகக் காட்டியது. இதனால்தான் பக்கவாதம் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரையை நிறுத்தும் தைரியத்தை அப்பாவுக்குக் கொடுத்தது அந்த மெஷின்தான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கருவியியல் படிக்கிற நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மணிக்கட்டுக் கருவியை இதயத்தின் உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் மேலே தூக்கினாலே ஏழெட்டு மில்லிமீட்டர் பாதரச அளவு குறைந்துவிடும். எல்லாம் நாம் முதல் வருடம் படித்த திரவ அழுத்தக் கணக்குதான். மேல் கையில் கட்டும் கருவியிலும் பட்டை சிறிசாக இருந்தால் அளவு கூடக் காட்டும். இதையெல்லாம் விற்கிறவன் சொல்லித் தரணும். பொம்மையும் பெல்ட்டும் விற்கிற கடைக்காரருக்கு இது எப்படித் தெரியும்? விற்பவருக்கு ஏன் விதி வேண்டும் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான்.

அண்ணன் கடை திறந்தான்

அப்பா வீட்டுக்கு வந்ததும் சக்கர நாற்காலி, வாக்கர், கழிப்பறை நாற்காலி எல்லாம் தேவைப்பட்டது. எங்கள் ஊரில் இதற்கென்று ஒரு கடை இல்லை. ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தலைநகருக்குப் போய் வந்தோம். அப்போதுதான் அண்ணனுக்கு யோசனை உதித்தது. அவனும் நம்ம பாலிடெக்னிக் ஆள்தான். பிளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மின்னணுவியல் முடித்தவன். கம்பெனியில் ஒப்பந்த வேலையில் சலித்துப்போயிருந்தான். அம்மாவின் சீட்டுப் பணம் இரண்டரை லட்சத்தைப் போட்டு, 2023 வைகாசியில் பஸ் ஸ்டாண்டு எதிரில் கடை திறந்தோம். தகரக் கூரை, ஒரு ஷோகேஸ், இரண்டு அலமாரி. ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தான். நகராட்சித் தொழில் உரிமம் எடுத்தான். கடைகள் சட்டப் பதிவும் ஆயிற்று. "எல்லாம் பக்கா" என்று சந்தோஷப்பட்டோம்.

இரண்டு மாதம் கழித்து மருந்து ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்தார். அமைதியாகக் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பதிவுச் சான்று எங்கே தம்பி?" என்றார். அண்ணன் மூன்று காகிதத்தையும் பெருமையாக நீட்டினான். அவர் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இது மூணும் கடைக்கு. சரக்குக்கு எங்கே?"

அண்ணன் முழித்தான். "மேடம், நாங்க மருந்து விக்கலையே?"

"சட்டப்படி நீங்க விக்கிறதும் மருந்துதான் தம்பி."

பி.பி. மெஷின் எப்படி மருந்து ஆனது?

எனக்கும் இது வேடிக்கையாகத்தான் பட்டது. பிறகு விதிகளைத் தேடிப் படித்தேன்.

நம் நாட்டில் மருந்துகளுக்கு அடிப்படை 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருள்கள் சட்டம். 1982-இல் செய்த திருத்தம், அரசு அறிவிக்கும் சாதனங்களும் 'மருந்து' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்றது. ஆனால் அறிவிப்பு மெதுவாகத்தான் வந்தது. 1989-இல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிக்குழல், ஊசி, நரம்புவழித் திரவம் ஏற்றும் செட் ஆகியவை சேர்ந்தன. 2005-இல் இன்னும் பத்து வகைச் சாதனங்கள் வந்தன. மற்றபடி பி.பி. மெஷினும் நெபுலைசரும் ரொம்ப காலம் ரேடியோ, மிக்ஸி மாதிரி எந்தக் கடையிலும் விற்கக்கூடிய பொருளாகவே இருந்தன.

2017 ஜனவரி 31-இல் மருத்துவ சாதன விதிகள் வெளியாகி, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பெரிய மாற்றம் 2020 பிப்ரவரி 11 அன்று வந்த அறிவிப்பு. நோயைக் கண்டறிய, கண்காணிக்க, குணப்படுத்த, உடல் குறைபாட்டுக்குத் துணைசெய்ய என்று மனிதருக்குப் பயன்படும் எல்லாச் சாதனங்களும் 2020 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி 'மருந்து' ஆகிவிட்டன. உயிரில்லாத வாக்கர் ஒரே இரவில் மாத்திரைக்கு அண்ணன் தம்பி ஆன கதை இதுதான்.

நான்கு வகுப்புகள்

எல்லாச் சாதனத்துக்கும் ஒரே கட்டுப்பாடு போட முடியாது, போடவும் கூடாது. அதனால் ஆபத்தின் அளவை வைத்து நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்.

ஏ வகுப்பு: குறைந்த ஆபத்து. பஞ்சு, காயத்துணி போன்றவை.
பி வகுப்பு: குறைவுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது. தெர்மாமீட்டர், பி.பி. கருவி போன்றவை.
சி வகுப்பு: நடுத்தரத்துக்கும் அதிகத்துக்கும் இடைப்பட்டது. உடலுக்குள் பொருத்தும் பல சாதனங்கள், டயாலிசிஸ் குழாய் போன்றவை.
டி வகுப்பு: மிக அதிக ஆபத்து. இதய வால்வு போன்றவை.

ஏ, பி வகுப்புச் சாதனங்களைத் தயாரிக்க மாநில அதிகாரி உரிமம் தருவார். சி, டி வகுப்புகளுக்கு மத்திய அமைப்பு தரும். இறக்குமதி என்றால் எந்த வகுப்பானாலும் மத்திய அமைப்புதான். ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயம் ஆயிற்று. ஏ வகுப்பில் கிருமிநீக்கம் தேவைப்படாத, எதையும் அளக்காத சாதனங்களுக்கு மட்டும் 2022 அக்டோபரில் சலுகை கிடைத்தது. தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் இணையத்தில் பதிவு செய்துகொண்டால் போதும்.

"இதெல்லாம் தயாரிக்கிறவனுக்குத்தானே, நமக்கு என்ன?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நமக்கு என்ன என்றால், அட்டைப் பெட்டியில் அந்த உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கும் பொறுப்பு கடைக்காரர் தலையில்தான்.

எம்.டி.-42 என்ற காகிதம்

விற்பவருக்கான விதி 2022 செப்டம்பர் 30-இல் வந்த திருத்தத்தில் சேர்ந்தது. விதி எண் 87-ஏ. இதன் சாரம் எளிமையானது. மருத்துவ சாதனத்தை விற்கவோ, இருப்பு வைக்கவோ, காட்சிக்கு வைக்கவோ, விநியோகிக்கவோ பதிவுச் சான்று வேண்டும். 'காட்சிக்கு வைக்க' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஷோகேசில் அடுக்கிவிட்டு "சும்மா வெச்சிருக்கேன் சார், விக்கலை" என்று தப்ப முடியாது.

மருந்துக் கடைகளுக்கு ஏற்கனவே படிவம் 20, 21 (சில்லறை), 20-பி, 21-பி (மொத்தம்) என்று உரிமம் இருக்கும். அது இருந்தால் சாதனம் விற்கத் தனிப் பதிவு தேவையில்லை. அது இல்லாத எங்களைப் போன்ற சாதனக் கடைகளுக்குத்தான் புதிய வழி. எம்.டி.-41 படிவத்தில் மாநில உரிம அதிகாரிக்கு விண்ணப்பித்தால் எம்.டி.-42 படிவத்தில் சான்று கிடைக்கும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில்.

தேவையானவை இவை:

ஒன்று: கட்டணம் 3000 ரூபாய். சான்றுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணமாக மறுபடி 3000 ரூபாய் கட்டணும். மறந்தால் தாமதக் கட்டணம். ரொம்ப நாள் மறந்தால் சான்றே போய்விடும்.

இரண்டு: இடம். சொந்தமோ வாடகையோ, அதற்கான ஆவணம். சாமான்களைச் சரியாக வைக்கப் போதுமான இடமும், அந்தந்தச் சாதனத்துக்கு ஏற்ற வெப்பநிலையும் வெளிச்சமும்.

மூன்று: தகுதியான தொழில்நுட்ப ஆள். எங்கள் வீட்டில் பூகம்பம் வந்தது இதில்தான்; கீழே சொல்கிறேன்.

நான்கு: இறக்குமதியாளர், உரிமம் பெற்ற தயாரிப்பாளர், பதிவோ உரிமமோ உள்ள வியாபாரி ஆகியோரிடம் மட்டுமே சரக்கு வாங்க வேண்டும்.

ஐந்து: சான்றை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். ஆய்வாளர் எழுத ஓர் ஆய்வுப் புத்தகமும் கடையில் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் பத்து நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று விதியே சொல்கிறது. இதே வேலையைச் சான்று இல்லாமல் செய்தால்? உரிமமின்றி மருந்து விற்பவருக்கு அந்த 1940 சட்டத்தின் 27-ஆம் பிரிவில் எழுதியிருப்பது மூன்று வருடத்துக்குக் குறையாத சிறையும், ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமும். சாதனமும் 'மருந்து' என்ற சொல்லுக்குள் வந்துவிட்ட பிறகு இது விளையாட்டு இல்லை. ஆய்வாளர் அம்மா இந்த வரியைப் படித்துக் காட்டியபோது, அண்ணன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டான். "பதிவு வர்ற வரைக்கும் ஒரு சாமான் விக்கக்கூடாது. விண்ணப்பம் போடுங்க, நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே ஷட்டரை இறக்கினோம்.

டிப்ளமோ என்ற சொல்லே இல்லை!

நண்பர்களே, கட்டுரையில் வேறு எதை விட்டாலும் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

'தகுதியான தொழில்நுட்ப ஆள்' என்றதும் அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். மின்னணுவியல் டிப்ளமோ, பி.பி. மெஷினைக் கழற்றி மாட்டுவான், இதைவிட என்ன தகுதி? விதியைப் படித்ததும் முகம் சுருங்கியது. விதி மூன்று வழி சொல்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் அல்லது நிறுவனத்தின் பட்டம் இருக்கணும். இல்லை, பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்கணும். அதுவும் இல்லை என்றால் பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு இணையான தேர்வோ முடித்து, மருத்துவ சாதன விற்பனையில் ஒரு வருட அனுபவம் இருக்கணும். டிப்ளமோ என்ற சொல் அதில் எங்குமே கிடையாது.

இதை நம்மில் இரண்டு வகை ஆட்களுக்குப் பொருத்திப் பாருங்கள். அண்ணன் மாதிரி பிளஸ் டூ முடித்து இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு மூன்றாவது வழியில் பாதி தூரம் ஆயிற்று. ஒரு வருட அனுபவம் மட்டும் வேண்டும். அண்ணனுக்கு அனுபவம் இரண்டே மாதம், அதுவும் பதிவில்லாத சொந்தக் கடையில். அதை எப்படிக் காட்டுவது? என்னைப் போலப் பத்தாவது முடித்து நேராக வந்தவர்களோ 'இணையான தேர்வு' என்ற இடத்திலேயே சான்று தேடி நிற்கணும். மூன்று வருடம் ஆசிலாஸ்கோப்போடும் சென்சாரோடும் மல்லுக்கட்டின நமக்கு இது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

வீட்டில் அன்றிரவு யாரும் பேசவில்லை. மாதச் சம்பளத்துக்கு மருந்தாளுநர் வைக்கக் கையில் காசில்லை. அம்மா சீட்டுப் பணத்தை நினைத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்போது அண்ணி மெதுவாகக் கேட்டார்: "எந்தப் பட்டம்னு போட்டிருக்கா?"

மறுபடி படித்தேன். பட்டம் என்றுதான் இருக்கிறது. இன்ன பாடம் என்று இல்லை.

அண்ணி பி.காம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பட்டச் சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். கடையின் தகுதியான தொழில்நுட்ப ஆள் அன்றைக்கே தயார்! அப்பா கோணிய வாயோடு சிரித்ததை, விழுந்த பிறகு முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

இதில் வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வணிகவியல் படித்தவருக்குக் கதவு திறக்கிறது, கருவியியல் படித்தவன் வெளியே நிற்கிறான். டிப்ளமோவையும் இந்த விதியில் ஒரு தகுதியாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. நம் பேரவை இதைக் கோரிக்கையாக எழுதி அனுப்பலாம் என்பது என் தாழ்மையான கருத்து. அதே சமயம் அண்ணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காகிதத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. பட்டையின் அளவு, நெபுலைசர் கிண்ணத்தைக் கழுவும் முறை, சர்க்கரை பார்க்கும் பட்டியின் காலாவதித் தேதி எல்லாவற்றையும் நோட்டுப் போட்டுப் படித்தார். இன்றைக்கு எங்கள் கடையில் பி.பி. மெஷின் வாங்குகிறவர், அண்ணி எதிரில் உட்கார்ந்து மூன்று தடவை தானே கட்டிப் பார்த்துக் காட்டினால்தான் பில் போடுவார்.

தகரக் கூரையும் நாலு பெட்டிச் சரக்கும்

ஆய்வாளர் அம்மா இரண்டாம் முறை வந்தபோது கூரையைப் பார்த்தார். "சர்க்கரைப் பட்டி டப்பாவைப் படிச்சிருக்கீங்களா?" என்றார். 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது. எங்கள் ஊர் வெயிலுக்குத் தகரக் கூரையின் கீழ் மதியம் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். சூட்டில் கெட்ட பட்டி தப்பான அளவு காட்டும். அதை நம்பி ஒருவர் மாத்திரை அளவை மாற்றுவார். மறுபடி எனக்கு அப்பாதான் ஞாபகம் வந்தார். உள்கூரை அடித்து, ஒரு ஏ.சி. போட்டு, சுவரில் வெப்பமானி மாட்டினோம்.

அடுத்து லேபிள். பெட்டியில் சாதனத்தின் பெயர், தயாரிப்பாளர் பெயர் முகவரி, தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி இருந்தால் அந்தத் தேதி, இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் முகவரியும் இறக்குமதி உரிம எண்ணும் இருக்கணும். எங்கள் சரக்கில் நாலு பெட்டிக்கு இது எதுவுமே இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று அண்ணன் ஒரு மொத்த வியாபாரியிடம் பில்லில்லாமல் வாங்கியது. அவர் போனையே எடுக்கவில்லை. முப்பத்தெட்டாயிரம் ரூபாய்ச் சரக்கை ஓரங்கட்டினோம். "அப்பாவுக்கு எவனோ வித்த அதே சாமானை நாமும் விக்க இருந்தோம்" என்று அண்ணன் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

தொகுதி எண்ணைப் பில்லில் எழுதும் பழக்கமும் அப்போதுதான் வந்தது. ஒரு தொகுதியில் கோளாறு என்று கம்பெனி திரும்பப் பெறும்போது, யாருக்கு விற்றோம் என்று தெரிந்தால்தானே போய்ச் சொல்ல முடியும்?

மற்ற கதவுகள்

எம்.டி.-42 கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். இன்னும் சில கதவுகள் இருக்கின்றன. சுருக்கமாகச் சொல்கிறேன்.

எடையளவு: எடை பார்க்கும் மெஷின், தெர்மாமீட்டர், பி.பி. கருவி இவை அளவுக் கருவிகளும்கூட. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், 23-ஆம் பிரிவில், எடை அளவைக் கருவிகளைத் தயாரிக்க, விற்க, பழுதுபார்க்க உரிமம் கேட்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பழுதுபார்ப்பு என்ற சொல் நம்ம ஆட்களுக்கானது. கைவேலை தெரிகிறது என்று போர்டு மாட்டிவிடக் கூடாது.

ஆக்சிஜன்: இதில் பலர் குழம்புகிறார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கான்சென்ட்ரேட்டர் ஒரு சாதனம். உள்ளே ஜியோலைட் என்ற பொருள் அழுத்தத்தில் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள, ஆக்சிஜன் வெளியே வரும். ஆனால் சிலிண்டரில் இருக்கும் மருத்துவ ஆக்சிஜன், நேரடியாகவே மருந்து. அதை விற்க மருந்து உரிமம் வேண்டும், எம்.டி.-42 போதாது. சிலிண்டருக்கு 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகளும் உண்டு. வெல்டிங் பட்டறை சிலிண்டர் முழுக் கறுப்பு. மருத்துவ சிலிண்டர் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். மெக்கானிகல் நண்பர்களுக்கு இது தெரிந்திருக்கும். அவசரத்துக்கு என்று ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

விலை: பெட்டியில் போட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்கக் கூடாது. அந்த விலையையும் தயாரிப்பாளர் பன்னிரண்டு மாதத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது என்று 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. கொரோனா காலத்தில், 2021-இல், கான்சென்ட்ரேட்டருக்கும், பிறகு பல்ஸ் ஆக்சிமீட்டர், பி.பி. கருவி, குளுக்கோமீட்டர், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஐந்துக்கும் வியாபார லாபம் எழுபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அரசு தற்காலிகமாக உச்சவரம்பு போட்டது. சில சாமானில் அதுவரை லாபம் 700 சதவீதம் தாண்டியிருந்ததாம்! மூச்சுத் திணறுகிறவன் பேரம் பேச மாட்டான் என்பதுதான் அந்த வியாபாரத்தின் கணக்கு.

ஸ்கேன்: கையடக்க ஸ்கேன் மெஷின் பக்கமே போக வேண்டாம். கருவிலேயே பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாத யாருக்கும் அதை விற்கக் கூடாது.

நுகர்வோர் சட்டம்: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 86-ஆம் பிரிவைத் தேடிப் படியுங்கள். விற்பவர் பொருளில் மாற்றம் செய்து அதனால் கெடுதல் வந்தால், எச்சரிக்கையை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டால், தானாக ஒரு உத்தரவாதம் கொடுத்துவிட்டு அது பொய்யானால் பொறுப்பு விற்பவருக்கும்தான். "நான் வெறும் கடைக்காரன் சார்" என்பது அங்கே எடுபடாது. நான் ஒருமுறை பழைய நெபுலைசருக்கு வேறு அடாப்டர் மாட்டிக் கொடுக்கப் பார்த்தேன். அண்ணிதான் கையைத் தட்டிவிட்டார்.

முடிவாக

நாற்பத்தொரு நாள் ஷட்டர் இறங்கியிருந்தது. அதன் பிறகு சான்று வந்தது. சட்டம் போட்டு, வாசலுக்கு நேர் எதிரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். மறுபடி திறந்த அன்று முதல் போணி யார் தெரியுமா? அந்த ஃபேன்சி கடைக்காரரே! அவர் அம்மாவுக்கு பி.பி. மெஷின் வேண்டுமாம். அண்ணன் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆனால் எதுவும் சொல்லவில்லை. மேல் கையில் கட்டும் கருவி ஒன்றை எடுத்து, பட்டை அளவு சரிபார்த்து, தொகுதி எண் எழுதி, பில் போட்டுக் கொடுத்தான். போகும்போது மட்டும், "அண்ணே, நீங்க இதெல்லாம் விக்கணும்னா ஒரு காகிதம் இருக்கு. எப்படி வாங்கறதுன்னு நான் சொல்றேன்" என்றான்.

விதி என்றாலே இலஞ்சம், அலைச்சல் என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு விதியின் பின்னாலும் தப்பான அளவை நம்பிய யாரோ ஒருவருடைய அப்பா இருக்கிறார் என்று இப்போது படுகிறது. கடை திறக்கும் முன் அந்த 3000 ரூபாயைக் கட்டுங்கள். பெட்டியைத் திருப்பி உரிம எண்ணைப் பாருங்கள். கடை திறக்காத நண்பர்களும், வீட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கினாலும் சரி, "பில் கொடுங்க, சான்று எங்கே?" என்று கேட்டுப் பழகுங்கள்.

அப்பா இப்போது வாக்கரைப் பிடித்துத் தெருமுனை வரை நடக்கிறார். மாத்திரையை ஒருநாளும் விடுவதில்லை.